மிஞ்சிய சிவப்புத் துணி

இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்ததற்கே முதலில் என்னைப் பொறுத்துக்கொள். இந்த வீட்டிலிருந்து உனக்கு வந்த கடிதங்களெல்லாம் உன் அப்பா கையெழுத்தில்தான் வந்திருக்கின்றன. முடிவில், ஓரத்தில் இடமிருந்தால், "சின்னம்மா ஆசீர்வாதம்" என்று அவரே ஒரு வரி சேர்த்துவிடுவார். என்னைக் கேட்டு எழுதியதில்லை. நானும் எழுதச் சொன்னதில்லை. எனக்கும் உனக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். ஒரே கூரையின் கீழ் மூன்று வருஷம் இருந்தோம். அந்த மூன்று வருஷத்தில் நாம் பேசிய பேச்சு முழுவதையும் எழுதினால் இந்தத் தாளின் ஒரு பக்கம் நிறையாது. அப்படிப்பட்டவள் உன் கல்யாணத்துக்கு முந்தைய மாதத்தில், நீ சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில், இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எழுதாமல் இருக்க நான் எவ்வளவோ பார்த்தேன்.

நீ அப்பாவுக்குப் போன வாரம் எழுதிய கடிதத்தை நானும் படித்தேன். கோயம்புத்தூரில் பெண் வீட்டார் கொடுக்கும் வீட்டின் பக்கத்தில் ஓர் அறை சும்மா இருக்கிறது, மில் வேலை முடிந்து வந்தபின் அங்கே சைக்கிள் பழுது பார்க்கலாம் என்று மாமனார் சொல்கிறார், ஆகவே கொட்டகையில் கிடக்கும் சாமான்களை ரயிலில் போட்டு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். அதுவரை படித்தபோது எனக்கு மூச்சு வந்தது போலிருந்தது. அதற்கடுத்த வரிகளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். "பஞ்சர், செயின், எண்ணெய் போடுவது, இவற்றை மட்டும் பார்ப்பேன். சக்கரம், பிரேக், போர்க்கு எதையும் கழற்றப் போவதில்லை. என் கையை நான் நம்புவதில்லை. பெரிய ஸ்பானர்களை அனுப்ப வேண்டாம், யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்." உன் அப்பா இதைப் படித்துவிட்டு, "நல்லது, பட்டவனுக்குப் புத்தி வந்திருக்கு" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உன் கையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் கொட்டகை முழுவதும் தெரியும் அல்லவா? நீ இன்டர்மீடியட்டில் தவறிய வருஷம், மாட்டை விற்றபின் காலியாகக் கிடந்த அந்தக் கொட்டகையை நீயே ஒருவனாய்ப் பட்டறையாக்கியதை முதலிலிருந்து பார்த்தவள் நான். மண் தரையில் சக்கரத்துப் பால்ரஸ் குண்டு விழுந்தால் அகப்படாது என்று சுண்ணாம்புத் தரை போட்டாய். உத்திரத்தில் இரண்டு கயிறு கட்டி, சைக்கிளைத் தூக்கி மாட்டி, நின்றபடியே வேலை செய்ய வழி செய்தாய். பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியை முதலில் வாசல் பக்கம் வைத்தாய். இரண்டு நாளில் அங்கே சேறானதும் முருங்கை மரத்தடிக்கு மாற்றினாய். மரம் அந்த வருஷம் காய்த்துத் தள்ளியது. சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கம்பி கம்பியாக முறுக்கிக் கோட்டம் எடுப்பாயே, அந்த நேரத்தில் உன் முகத்தைப் பார்த்தால் பரீட்சையில் தவறியவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். யுத்த காலம்; புது டயர் கிடையாது, டியூப் கிடையாது. ஊரில் ஓடிய சைக்கிளெல்லாம் ஒட்டுப் போட்டுத்தான் ஓடின. ஆரப்பாளையத்திலிருந்து காளவாசல் வரைக்கும் உன் பெயர் தெரிந்துவிட்டது.

"கோர்ட்டு குமாஸ்தா மகன் கிரீஸ பூசிக்கிட்டு நிக்கிறதுக்கா இம்புட்டுப் படிக்க வச்சேன்?" என்று உன் அப்பா சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தபோது, "ரெண்டு மாசம் விட்டுப் பாருங்களேன்" என்று நான் சொன்னேன். அவர் சாதத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "அட, பி.ஏ. வாயத் தொறந்துருச்சே" என்றார். நீ சிரித்துவிட்டாய். அது உனக்கு நினைவிருக்காது. நான் உனக்காக வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். திறந்திருக்க வேண்டிய இன்னொரு நாளில் திறக்கவில்லை.

என் வாயைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சாக்குச் சொல்வதற்காக அல்ல. டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே பருத்தி போடுகிற வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் என் அண்ணன், பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மெட்ராஸில் விடுதியில் நான்கு வருஷம் இருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரி கேட்டால் ஒழியப் பேசமாட்டேன். நான் சொல்லும் தமிழைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள். இங்கிலீஷைக் கேட்டு இன்னும் சிரிப்பார்கள். படிப்பு முடிந்து ஊருக்கு வந்தால், பெரியவர்கள்கூட எழுந்து வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அதுவும் பேச்சை அடைத்தது. இவ்வளவு படித்தவளுக்கு ஊரில் மாப்பிள்ளை அமையாமல், இருபத்தைந்து வயதில் உன் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக வந்தேன். பேசாதவர்கள் பார்ப்பார்கள். நானும் எல்லாவற்றையும் பார்த்து மனதில் வைத்துக்கொள்வேன். ஒரு தடவை பார்த்தால் போதும், மறக்காது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. பரீட்சைகளில் என்னைக் கரையேற்றியதும் அதுதான். இப்போது நான் சொல்ல வந்த காரியத்தில் முதல் குற்றவாளியும் அதுதான்.

பட்டறை ஆரம்பித்தபோது நீ என்னிடம் கேட்ட ஒரே பொருள் பழந்துணி. என் அரக்குச் சிவப்புச் சேலை ஒன்று நைந்து போயிருந்தது, கொடுத்தேன். அதை நீ விரல் அகலத்துக்குக் கிழித்து, வேலை முடியாத ஒவ்வொரு சைக்கிளின் ஹேண்டில்பாரிலும் ஒரு துண்டு கட்டினாய். துணி இருந்தால் தொடக்கூடாது, இல்லையென்றால் வண்டி தயார். நீ வீட்டில் இல்லாதபோதும் ஆட்கள் வந்து பார்த்து, துணி இல்லாத தங்கள் வண்டியைத் தாங்களே எடுத்துக்கொண்டு போவார்கள். யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அந்த ஏற்பாடு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? அந்நிய ஆண்பிள்ளைகள் வந்து நின்றாலும் நான் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆயுத பூசைக்கு வருகிறேன். காலையிலேயே நீயும் உன் சிநேகிதர்கள் இருவரும் கொட்டகையிலிருந்த ஒன்பது சைக்கிள்களையும் முற்றத்தில் இறக்கிக் கழுவ ஆரம்பித்தீர்கள். ஸ்பானர், திருப்புளி, பம்பு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் துடைத்துப் பலகையில் அடுக்கினீர்கள். சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் பூச்சரம் சுற்ற வேண்டும். அங்கே இந்தத் துணிகள், கிரீஸும் அழுக்குமாய், பிசுபிசுவென்று இருந்தன. பூவை அதன் மேல் எப்படி வைப்பது? நீங்கள் மூவரும் தண்ணீர் இறைக்கப் போனபோது அவற்றை அவிழ்த்தேன். எந்தெந்த வண்டியில் இருந்தது என்று பார்த்துக்கொண்டுதான் அவிழ்த்தேன். சீயக்காய் போட்டுத் துவைத்து, முருங்கைக் கிளையில் காயப் போட்டேன். சாயங்காலம் கட்டிவிடலாம், நமக்குத்தான் மறக்காதே.

சாயங்காலம் பூசை முடிந்து, பொரி கடலை கொடுத்து, நீங்கள் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள். "என்ன மாப்ள, சைக்கிளுக்கெல்லாம் மால போட்டாச்சு, உனக்கு எப்பப் போடுறது?" என்று ஒருவன் கேட்க, "பொண்ணுக்கும் பிரேக்கு இருக்கான்னு பாத்துட்டுத்தான்டா சம்மதிப்பான்" என்று மற்றவன் சொல்ல, ஒரே சிரிப்பு. நான் பக்கவாட்டுக் கதவால் உள்ளே போய்த் துணிகளைக் கட்டினேன். கழுவித் துடைத்தபின் வண்டிகளை நீங்கள் இடம் மாற்றி நிறுத்தியிருந்தீர்கள். எல்லாம் கறுப்பு, எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரிச் செவ்வந்திச் சரம். ஐந்தை அடையாளம் கண்டு கட்டிவிட்டேன். கையில் ஒரு துணி மிஞ்சியது.

நின்று யோசித்தேன். மீதி நான்கு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சுவரில் ஆணியில் எப்போதும் ஓர் உபரித் துணி தொங்கும். அன்று அந்த ஆணி காலியாக இருந்தது. அதையும் சேர்த்துத் துவைத்திருப்பேன், மிஞ்சியது அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ என்னிடமிருந்து எட்டு அடி தூரத்தில் இருந்தாய். "தம்பி, எந்த வண்டிக்கெல்லாம் துணி கட்டியிருந்தே?" என்று கேட்டிருந்தால் போதும். ஆனால் அங்கே வேறு இரண்டு பையன்கள் இருந்தார்கள், சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்தால் சிரிப்பு நின்று எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அதற்குக் கூசினேன். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை, நீ வாஷர் வாங்க மாசி வீதிக்குப் போயிருந்தாய். வளையல்காரர் சோலைமுத்து வந்தார். கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய் வளையல் விற்பவர். அவர் தன் வண்டியின் ஹேண்டில்பாரைப் பார்த்ததையும், துணி இல்லை என்றதும் சந்தோஷமாக மணியை ஒரு தட்டுத் தட்டியதையும், வளையல் பெட்டியைக் காரியரில் வைத்துக் கட்டியதையும் நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஆகவே அது தயாரான வண்டிதான் என்று நினைத்தேன். முன் சக்கரத்து நட்டுகளை வாஷருக்காக நீ கையால் மட்டும் திருகி நிறுத்தியிருந்தாய் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அல்லது, எப்படித் தெரியாமல் போயிற்று? உன்னை அவ்வளவு பார்த்தவள், அந்த ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

வைகைத் தரைப்பாலத்துச் சரிவில் சக்கரம் கழன்றது. உடைந்த வளையல்கள் பாதை முழுவதும் கிடந்தன என்றும், வண்டிக்காரர்கள் மாடுகளை ஒதுக்கி ஓட்டினார்கள் என்றும் பிறகு சொன்னார்கள். அவருக்கு இடது கால் தொடையில் முறிந்தது. மத்தியானம் அவருடைய அண்ணன், முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கு வளைந்த அந்தச் சைக்கிளைத் தரதரவென்று இழுத்துவந்து நம் முற்றத்தில் போட்டார். "எங்கடா அந்த மெக்கானிக்கு? பூசையப் போட்டு, மாலையப் போட்டு, எந்தம்பிய எமங்கிட்டல்ல அனுப்பிச்சு வச்சிருக்கான்!" தெருவே கூடிவிட்டது. நீ வெளியே வந்தாய். "அண்ணே, வேல முடியல. துணி கட்டாம விட்டது நாந்தான். எந்தப்புத்தான்" என்றாய். துணிகள் துவைத்துக் கட்டப்பட்டிருந்ததை நீ கவனித்திருக்கலாம். ஆனால் ஒன்று குறைந்தது உனக்குத் தெரிய வழியில்லை. முதலிலேயே கட்டத் தவறிவிட்டேன் என்றுதான் நினைத்தாய். கதவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். ஆறாவது துணி என் அலமாரியில் இருந்தது.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நினைத்தேன். நீ வாராவாரம் அவர் வீட்டுக்குப் போய்விட்டு முகம் கறுத்து வருவாய். ஒருநாள் உத்திரத்துக் கயிறுகளை அறுத்துப் போட்டாய். அப்புறம் கோயம்புத்தூரில் மில்லில் ஸ்டோர் குமாஸ்தா வேலை கிடைத்தது. புறப்படும்போது என்னிடம் வந்து, "வாரேன் சின்னம்மா" என்றாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஜட்கா தெருமுனை திரும்பும்வரை, சொல்லிவிடலாம் என்று வாசலில் நின்றேன். திரும்பியபின் அதற்கு வேலையில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் நான் தனியாக ஆரப்பாளையம் முக்குக்குப் போனேன். சோலைமுத்து இப்போது அங்கே ஒரு சாக்கை விரித்து, கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். முறிந்த கால் கூடிவிட்டது, ஆனால் குட்டையாகக் கூடியிருக்கிறது. என்னை அவருக்குத் தெரியவில்லை. என்னை யாருக்குத் தெரியும்? "வாங்கம்மா, உக்காருங்க, ரெண்டே கால் அளவு சரியா இருக்கும்" என்று என் கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து அழுத்தினார். "கையத் தளர விடுங்கம்மா. இம்புட்டு விறைப்பா வச்சிருந்தா வளையல்ல ஏறும்?" இரண்டு வளையல் ஏறியது. மூன்றாவது மணிக்கட்டுக்கு வரும்போது சொல்லிவிட்டேன். யாருடைய வீடு, என்ன துணி, எத்தனை மிஞ்சியது, எல்லாம். என் வாழ்க்கையில் ஓர் அந்நியரிடம் அவ்வளவு வார்த்தை பேசியதில்லை.

அவர் கை நின்றது. என் கையை விடவில்லை. "அந்தத் தம்பி வாராவாரம் வந்து எங்க வாசல்ல நின்னுச்சு. என் வீட்டுக்காரி சொல்லக்கூடாத சொல்லெல்லாம் சொன்னா. அம்புட்டையும் வாங்கிக்கிட்டு நின்னுச்சு. அப்ப நீங்க எங்கம்மா இருந்தீக?" என்றார். வீட்டில் இருந்தேன் என்றேன். "எங்கிட்ட வந்து சொல்லி இந்தக் காலு நீளப்போகுதா? அந்தத் தம்பிகிட்டச் சொல்லியாச்சா?" இல்லையென்று தலையாட்டினேன். கையை உருவப் பார்த்தேன். "இருங்க. கைய பாதியில விடக்கூடாது" என்று, முகத்தைத் திருப்பிக்கொண்டே மீதி வளையல்களையும் ஏற்றினார். கோபமாகத்தான் ஏற்றினார். ஒன்று உடைந்து கீறியது. நான் எழுந்தபோதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்லிட்டு வாங்க. சொல்லாம இந்தப் பக்கம் வராதீக" என்றார்.

ஆகவே சொல்லிவிட்டேன். துணி கட்டியது உன் கை. அவிழ்த்தது என் கை. மூன்று வருஷமாக நீ நம்பாமல் இருக்கும் அந்தக் கை ஒரு தவறும் செய்யவில்லை. நட்டை நிறுத்தி வைத்ததும் சரி, அதற்கு அடையாளம் வைத்ததும் சரி.

உன் புதுப் பட்டறையைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்கிறேன். கிழக்கு வெளிச்சம் வரும் பக்கம் வேலைப் பலகையைப் போடு. தொட்டியை வழியில் வைக்காதே. தரையைப் போட்ட பிறகு சாமான்களை ஏற்று. இவையெல்லாம் உனக்கே தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்றுண்டு. வரப்போகிற பெண்ணுக்கு அந்த அறையில் நிற்க ஓர் இடம் வை. எது எதற்கு என்று முதல் நாளே சொல். அவளாகக் கேட்கட்டும் என்று இருக்காதே. சில பேர் கேட்கமாட்டார்கள், தெரிந்த மாதிரியே இருந்துவிடுவார்கள். எதையாவது இடம் மாற்றினால் உன்னிடம் வந்து சொல்வதற்கு அவளுக்குப் பயம் இருக்கக்கூடாது. நீ என்னிடம் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் நான் ஜன்னலில் நிற்கிறேன் என்பது உனக்குத் தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். ஒரு தடவை "வாங்க சின்னம்மா, வந்து பாருங்க" என்று கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கூப்பிடாமலே வந்திருக்க வேண்டியவள் நான்தான்.

இதுவரை எழுதியதை நேற்று உன் அப்பாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் கோர்ட்டுக்குப் போய்விட்டார். இன்று காலை சட்டை மாட்டும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு நான் மட்டும் போறேன்" என்றார். சரி என்றேன். அது நியாயம்தான். என்னை அழைக்கும்படி நீ அவருக்கு எழுத வேண்டாம். என்னை மன்னிக்கும்படியும் நான் கேட்கவில்லை. அதை எழுத்தில் கேட்பது சுலபம், அதனாலேயே கேட்கவில்லை.

கேட்பது வேறு ஒன்று. முற்றத்தில் போட்ட நாளிலிருந்து அந்தச் சைக்கிள் நம் கொட்டகையில்தான் இருக்கிறது. யாரும் எடுத்துப் போகவில்லை. சோலைமுத்துவின் மருமகன் இப்போது பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அதே கிராமங்களுக்கு நடந்தே போகிறார். சாமான்களோடு அந்த வண்டியையும் ரயிலில் போடுகிறேன். பெரிய ஸ்பானர்களையும் போட்டிருக்கிறேன், நீ வேண்டாம் என்றாலும். புது அறையில் நீ முதலில் எடுக்கும் வேலை அதுவாக இருக்கட்டும். போர்க்கை மாற்று. கோட்டம் எடு. முன் சக்கரத்து நட்டுகளை நீயே முறுக்கு. ஹேண்டில்பாரில் அந்த ஆறாவது துணியைக் கட்டி அனுப்புகிறேன். வேலை முடிந்ததும் அதை நீயே அவிழ்த்துவிடு.